காஞ்சனபுரியை ஒரே நாளில் முடிக்காதீர்கள்

கேள்வி: டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் பாங்காக் போகிறோம். நான், கணவர், 10 வயது மகன், 76 வயது அம்மா. மொத்தம் ஆறு நாள். அதில் காஞ்சனபுரிக்கு ஒரு நாள் டூர் சொல்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வேன், க்வாய் நதிப் பாலம், மரண ரயிலில் சவாரி, ஏரவான் அருவி, யானைச் சவாரி, புலிக் கோயில், இரவு ஒன்பது மணிக்கு ஹோட்டல். இது சரிவருமா? அம்மாவுக்கு மூட்டுவலி. எல்லோரும் சைவம். எதை விடலாம், எதை விடக்கூடாது? இன்னொன்று. அம்மாவின் சித்தப்பா ஒருவர் மலாயாவில் பால்மரம் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போய்த் திரும்பவே இல்லையாம். அதற்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா என்று அம்மா கேட்கிறார்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தம் உண்டு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவருடைய சித்தப்பா போன வழி இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும், எத்தனை நாள், எதில் போவது, எதை விடுவது என்பதற்கும், இதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன். பல வருடங்களாகத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தாய்லாந்துப் பயணம் ஏற்பாடு செய்து வருகிறேன். பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இங்கே நம்மவர்கள் கிடக்கிறார்கள் என்பதே தெரியாமல் வேனில் ஏறிப் போகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

சுருக்கமாக நடந்ததைச் சொல்கிறேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அடுத்து பர்மா. பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் மறித்தன. அதனால் தாய்லாந்தின் நோங் ப்லாடுக்கில் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாத் வரை, மலையும் காடும் குறுக்கே கிடக்கிற 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவெடுத்தார்கள். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த வேகத்துக்கு விலையாகப் போனவை மனித உயிர்கள். மரண ரயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா என்று சுமார் 60,000 போர்க்கைதிகளை வேலைக்கு இறக்கினார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகம் பெரும்பாலும் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஆசியக் கூலிகள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், இவர்களோடு மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். மொத்தம் 1,80,000 பேருக்குக் குறையாது என்றும், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்றும் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். முதலில் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் தோட்டங்களில் யாரும் பெயர் கொடுக்க வரவில்லை. அப்புறம் ஆள்பிடிப்புத்தான். இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து தாய்லாந்தின் பான் போங் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து காஞ்சனபுரி வழியாக மேலே காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்குச் சொந்தப் படை மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் வைத்திருந்த அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு இரண்டும் இல்லை. எரித்தார்கள், குழிகளில் தள்ளி மூடினார்கள், எழுதி வைக்கவில்லை. இன்று அவர்களில் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் டூரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி சுமார் 130 கிலோமீட்டர். நகர நெரிசலையும் சேர்த்தால் போக இரண்டரை மணி, வர மூன்று மணி. ஏரவான் அங்கிருந்து இன்னும் 65 கிலோமீட்டர் உள்ளே. அந்தப் பட்டியலை ஒரே பகலில் முடித்தால் எல்லா இடத்திலும் அரை மணி நேரம் நிற்பீர்கள், மீதி நேரம் அம்மா வேனில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு நாளில் இரண்டு இரவை இந்த ஊருக்குக் கொடுங்கள். பாங்காக்கில் ஒரு கடைவீதி குறைந்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

பட்டியலிலிருந்து இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள். புலிக் கோயில் என்று ஒன்று இன்று கிடையாது. அங்கே நடந்த விலங்குக் கடத்தல் புகார்களின் பேரில் 2016-இல் அரசு நூற்றுக்கு மேற்பட்ட புலிகளை அங்கிருந்து எடுத்துப் போய்விட்டது, இடம் மூடப்பட்டது. உங்களுக்கு வந்த பட்டியலில் இன்னும் அது இருக்கிறதென்றால், அதை அனுப்பியவர் அந்தப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று அர்த்தம். யானைச் சவாரியும் வேண்டாம். பழக்குவதற்காகக் குட்டியிலேயே அவற்றை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு நான் யாரையும் ஏற்றுவதில்லை. பையனுக்கு யானை பார்க்க ஆசையென்றால், சவாரி இல்லாமல், தூர இருந்து பார்த்து உணவு தயாரித்துக் கொடுக்கும் பராமரிப்பு இடங்கள் அந்த மாகாணத்திலேயே இருக்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எதில் போவது? பாங்காக்கின் தொன்புரி ஸ்டேஷனிலிருந்து காலை ஏழே முக்கால் வாக்கில் ஒரு ரயில் புறப்படும். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், காற்றாடி மட்டும்தான், வெளிநாட்டவருக்கு 100 பாட். நீங்களும் கணவரும் மட்டும் என்றால் அதில்தான் ஏறச் சொல்வேன். அம்மாவுக்கு அது கஷ்டம். பெட்டியின் படி உயரம், இருக்கை கெட்டி, கழிப்பறையும் அவருக்கு ஒத்துவராது. அதனால் காஞ்சனபுரி வரை ஓட்டுநருடன் ஒரு வாடகைக் காரில் போங்கள். அதே காரை மூன்று நாளும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குப் பிரித்துப் பார்த்தால் டூர் கட்டணத்தைவிட ரொம்ப அதிகம் ஆகாது. ரயிலை விட வேண்டாம், அதில் பார்க்க வேண்டிய பகுதிக்கு மட்டும் ஏறுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள். காலை ஏழு மணிக்குப் பாங்காக்கை விட்டால் ஒன்பதரைக்குக் காஞ்சனபுரி. எல்லோரும் நேராகப் பாலத்துக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். ரயில் நிலையத்துக்கு அருகே, ஸெங் சூத்தோ சாலையில், போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டியே மரண ரயில் அருங்காட்சியகமும் ஆய்வு மையமும். முதலில் அருங்காட்சியகம். பாதை எப்படிப் போடப்பட்டது, யார் எங்கிருந்து வந்தார்கள், எந்த முகாமில் என்ன நோய் என்பதை வரைபடங்களும் மாதிரிகளும் வைத்து நிதானமாகச் சொல்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களின் கதையையும் விட்டுவிடாமல் சொல்கிற இடம் இது. பையனுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதையின் மாதிரியைப் பார்த்தாலே அவனாகக் கேள்வி கேட்பான்.

வெளியே வந்தால் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். புல்லை ஒட்டி வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு, இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பூச்செடி. குனிந்து படியுங்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. 22, 24, 21. கீழே வீட்டிலிருந்து எழுதி அனுப்பிய ஒரு வரி. அம்மா எழுதியது, மனைவி எழுதியது. நடுவே இரண்டு கல்லறைகளில் மட்டும் 300 பேரின் சாம்பல் சேர்ந்து இருக்கிறது. காலராவில் இறந்து மொத்தமாக எரிக்கப்பட்டவர்கள். அவர்களின் பெயரைக்கூடத் தேடிப் பிடித்துப் பொறித்திருக்கிறார்கள். செத்தவனுக்கு இவ்வளவு மரியாதை செய்ய முடியும் என்பதை அங்கே பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு அடுத்த இடத்துக்குப் போகும்போதுதான் நெஞ்சை அடைக்கும். அதற்காகத்தான் இந்த வரிசையில் சொல்கிறேன்.

அடுத்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. வாட் தாவோன் வரராம். வியட்நாமியப் பாணி மகாயானக் கோயில் என்பதால் உள்ளூரில் வாட் யுவான் என்றும் சொல்வார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் சேர்த்து அடக்கப்பட்ட நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில் அந்த வளாகத்தில் தமிழர்களுக்கு ஒரு நடுகல் வைத்தார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம்முடைய மிகப் பழைய வழக்கம். இவர்களுக்கு 80 வருடம் கழித்துத்தான் அந்தக் கல் கிடைத்தது. டூர் வேன்கள் இங்கே நிற்பதில்லை. ஓட்டுநரிடம் கோயில் பெயரை முன்கூட்டியே காட்டி வையுங்கள். இல்லையென்றால் அவரும் பாலத்துக்குத்தான் வண்டியை விடுவார்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவரை ஒரு முறை கூட்டி வந்தேன். அவருடைய அப்பா போனவர். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஐந்தாறு ரப்பர் கொட்டைகள், பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி விழுந்தவை. அப்பா வேலை செய்த தோட்டத்தில் பொறுக்கியதாம். அவற்றை வரிசையாக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போகலாம் என்றார். உங்கள் அம்மா என்ன கொண்டுவருவது என்று கேட்டால், ஊரிலிருந்து எது தோன்றுகிறதோ அதைக் கொண்டுவரட்டும். ஒன்று மட்டும் கவனம்: மண், செடி, விதை என்று விமானத்தில் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் தடுப்பார்கள். வீட்டு விபூதிப் பொட்டலம் போதும். பூ அங்கே சந்தையிலேயே கிடைக்கும். செவ்வந்தி, மல்லிகைச் சரம் எல்லாம் உண்டு. கோயில் என்பதால் தோளும் முட்டியும் மூடிய உடை. உங்கள் அம்மா புடவையில் வருவார், கவலை இல்லை. பையனுக்கு மட்டும் முழுக்கால் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஓய்வு. டிசம்பர் நல்ல காலம்தான், காலையும் இரவும் இதமாக இருக்கும். இருந்தாலும் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயில் நம் ஊர் மாதிரியே அடிக்கும்.

ஐந்து மணிக்கு மேல் பாலம். இரும்புப் பாலத்தின் வளைந்த வில் போன்ற பகுதிகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியவை. நடுவே இரண்டு பகுதிகள் மட்டும் வளைவில்லாமல் கட்டம் கட்டமாக இருக்கும். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடம் அது. போருக்குப் பின் புதிதாக வைத்தார்கள். பையனிடம் இதைச் சொல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் நடக்கலாம். ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் சிறு மேடைகள் இருக்கின்றன. ரயில் மெதுவாகத்தான் வரும். தண்டவாளத்துக்கு நடுவே பலகை போட்டிருந்தாலும் ஓரங்களில் இடைவெளி உண்டு. அம்மா பாதி வரை போக வேண்டியதில்லை, முதல் மேடை வரை போனால் ஆறு முழுக்கத் தெரியும்.

இந்தப் பாலத்தை உலகப் புகழாக்கிய 1957-ஆம் வருட ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்பட்டதே இல்லை. இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்தார்கள். ஆற்றின் பெயரும் அப்படித்தான். பாலம் கட்டியபோது இது மே க்லோங் ஆறு. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் க்வாய் நதியைத் தேடவே, 1960-களில் இந்தப் பகுதிக்கு க்வே யாய் என்று பெயரை மாற்றினார்கள். க்வே என்றால் கிளையாறு. நாம் சொல்கிற மாதிரி க்வாய் என்றால் தாய் மொழியில் எருமை. ஆட்டோக்காரரிடம் க்வே என்றே சொல்லிப் பழகுங்கள்.

பாலத்திலிருந்து திரும்பும் முன் ஒரு காரியம். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, மரநிழலில், ஜப்பானிய ராணுவமே 1944-இல் எழுப்பிய ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. இறந்தவர்களுக்காக அவர்கள் வைத்தது. அதில் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள் உண்டு, அதில் ஒன்று தமிழ். இத்தனை தமிழர்கள் அங்கே செத்தார்கள் என்பதற்கு, அவர்களை வேலை வாங்கியவர்களே கல்லில் எழுதிக் கொடுத்த சாட்சி அது. பாலத்தில் ஆயிரம் பேர் நிற்கிற நேரத்திலும் அங்கே பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். அம்மாவைப் பக்கத்தில் அழைத்துப் போய் அந்த எழுத்தைத் தொட்டுப் படிக்க விடுங்கள்.

அதே ஊரில் ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் ஜீத் என்றொரு போர் அருங்காட்சியகமும் இருக்கிறது. கைதிகள் இருந்த மூங்கில் குடிசை மாதிரியே கட்டியது. பழசு, தூசி, ஆனால் கைதிகள் வரைந்த படங்களின் நகல்களைப் பார்க்கலாம். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. செத்தவர்களில் பெரும்பாலோருடைய நாட்டுக்கு அந்தப் பெயரில் எழுத்து கிடையாது. நேரம் இருந்தால் போங்கள், முதல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் இது கட்டாயமில்லை.

இரண்டாம் நாள் ரயில். காலைப் பத்தரை வாக்கில் பாங்காக்கிலிருந்து வரும் அந்த ரயில் காஞ்சனபுரி வந்து சேரும். கால் மணி, அரை மணி தாமதம் சகஜம். டூர் கூட்டம் முழுக்கப் பாலத்து நிறுத்தத்தில்தான் ஏறும். நீங்கள் அதற்கு முந்தைய காஞ்சனபுரி ஸ்டேஷனிலேயே ஏறிவிடுங்கள், இடம் கிடைக்கும். போகும்போது இடது பக்க ஜன்னல். இதை மறக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் மரவள்ளி, கரும்புக் கொல்லைகள் வழியாகப் போன பிறகு, தாம் க்ரஸே என்ற இடத்தில் வலது பக்கம் செங்குத்துப் பாறை வந்து ஜன்னலை உரசுகிற மாதிரி நிற்கும். இடது பக்கம் தரையே இருக்காது. கீழே இன்னொரு கிளையாறான க்வே நோய். சுமார் 400 மீட்டருக்கு மரத்தூண்களின் மேல்தான் தண்டவாளம் போகிறது. வண்டி நடை வேகத்துக்கு இறங்கிவிடும். சக்கரத்துக்கு அடியில் மரம் கிறீச்சிடுவது கேட்கும். பேசிக்கொண்டு வந்தவர்களும் அப்போது பேச்சை நிறுத்துவார்கள்.

தாம் க்ரஸே நிறுத்தத்தில் இறங்கினால் பாறைக்குள் ஒரு குகை, உள்ளே புத்தர். வண்டி போன பிறகு அந்த மரப்பாதையின் மேல் நடக்கலாம். அம்மாவுக்கு நிழலில் உட்கார ஆற்றைப் பார்த்த கடைகள் இருக்கின்றன. உங்கள் காரை அங்கே வந்து நிற்கச் சொல்லுங்கள், திரும்பி ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ரயில் இன்னும் கொஞ்ச தூரம் போய் நாம் தோக்கில் முடிந்துவிடும். அதற்கு மேல் இருந்த தண்டவாளத்தைப் போருக்குப் பின் எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து இன்னும் மேலே போனால் ஹெல்ஃபயர் பாஸ் எனப்படும் மலைவெட்டு. நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சுத்தியல், உளி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு பாறையைப் பிளந்து வழி போட்ட இடம். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்துக் கைதிகள் நரகம் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலிய அரசு அமைத்த விளக்க மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை, காதில் மாட்டிக் கேட்கிற ஒலிவழிகாட்டியும் தருகிறார்கள். வெட்டுக்குள் போகப் படி இறங்கி ஏற வேண்டும். அம்மா மேலே மையத்திலேயே இருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். நீங்களும் கணவரும் மாறி மாறிப் போய் வாருங்கள். பாறையில் உளி போட்ட துளைகள் இன்னும் இருக்கின்றன, விரலை விட்டுப் பார்க்கலாம். ஆனால் முதல் நாளே அம்மாவுக்கு மனசு கனத்துப் போயிருந்தால் இதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் வழியில் பிரசாத் முவாங் சிங் இருக்கிறது. கெமர் காலத்துச் செம்புரைக்கல் கோயில், சுமார் 800 வருடம் பழசு, அகன்ற புல்வெளி, பெரிய மரங்கள். கூட்டமே இருக்காது. அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

மூன்றாம் நாள் பையனுடைய நாள். ஏரவான். இந்திரனுடைய ஐராவதம்தான் தாய் மொழியில் ஏரவான் ஆகியிருக்கிறது. மேல் அடுக்கில் பாறையும் நீரும் சேர்ந்து யானைத் தலை மாதிரித் தெரியும் என்பதால் வந்த பெயர். மொத்தம் ஏழு அடுக்கு. சுண்ணாம்புப் பாறையால் நீர் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு 300 பாட் நுழைவு, வெளிநாட்டவர் கட்டணம். காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே அங்கே இருங்கள், பத்தரைக்கு மேல் கூட்டம். முதல் இரண்டு அடுக்கு சமதரை மாதிரிதான், அம்மாவுக்குப் பேட்டரி வண்டி கேட்டுப் பாருங்கள். இரண்டாவது அடுக்குக் குளமே பையனுக்குப் போதும். காலை நீரில் வைத்ததும் மீன்கள் வந்து கடிக்கும், கூச்சமாக இருக்குமே தவிர வலிக்காது. முதலில் சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அலறிவிடுவான். இரண்டாவது அடுக்குக்கு மேல் சாப்பாடு கொண்டு போக விட மாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு திரும்பிக் காட்டும்போது கொடுப்பார்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். ஏழாவது அடுக்கு வரை சுமார் இரண்டு கிலோமீட்டர், கடைசியில் வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடமும் உண்டு. வழுக்காத செருப்பு வேண்டும். மூன்று மணிக்கு மேல் மேல் அடுக்குகளை மூடத் தொடங்குவார்கள். நீங்கள் பன்னிரண்டு மணிக்கே கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பாங்காக்.

ஒன்று சொல்ல மறந்தேன். டிசம்பர் 30-க்கு முன்னால் இந்த மூன்று நாளையும் முடித்துவிடுங்கள். ஆங்கிலப் புத்தாண்டு விடுமுறைக்குப் பாங்காக்கே காலியாகி இந்தப் பக்கம்தான் வரும். சாலை நகராது, அறை விலையும் ஏறிவிடும். சனி, ஞாயிறும் வேண்டாம்.

தங்குவதற்கு மே நாம் க்வே சாலைப் பக்கம் பாருங்கள். எல்லோரும் ஆற்றில் மிதக்கும் தெப்ப வீட்டை ஆசை காட்டுவார்கள். ஆடுகிற பலகை வழியாக ஏறி இறங்க வேண்டும், அம்மாவின் முட்டிக்கு ஆகாது. கரையிலேயே தரைத்தளத்தில் அறை கேளுங்கள். வார இறுதியில் இசை அலறிக்கொண்டு போகும் ஆட்டத் தெப்பங்களும் ஆற்றில் உண்டு. கரையை ஒட்டிய அறை என்றால் அந்தச் சத்தத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. தாய்லாந்தில் சைவம் என்று சொன்னால் மீன் சாஸ் போட்டுவிட்டுச் சைவம் என்று கொடுத்துவிடுவார்கள். ஏமாற்ற அல்ல, அது அவர்களுக்கு உப்பு மாதிரி. "ஜே" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். சீன வழியில் வந்த சுத்த சைவம், முட்டை, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் துணியில் சிவப்பில் அந்த எழுத்தைத் தொங்கவிட்டிருக்கும் கடைகள் உண்டு. "கின் ஜே" என்றால் நான் ஜே சாப்பிடுகிறவன் என்று பொருள். சாதாரணக் கடையில் "மாய் ஸை நாம் ப்லா" என்று சொல்லுங்கள், மீன் சாஸ் போடாதீர்கள் என்று அர்த்தம். வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பப்பாளிக்காய்ச் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப் போங்கள், அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார். ரயில் நிலையத்துப் பக்கம் மாலையில் சந்தை கூடும். பழம், வேகவைத்த சோளம், தேங்காய்ப்பாலில் செய்த இனிப்புகள் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: சித்தப்பாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், எந்த வருடம் கப்பல் ஏறினார், எந்தத் தோட்டம் என்று வீட்டில் சொல்வார்கள், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, யாருடன் போனார். தோட்டப் பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும் அவர்கள் வாயில் எப்படி வழங்கியதோ அப்படியே எழுதுங்கள். போர்க்கைதிகளுக்குப் பட்டியல் இருப்பது போல நம்மவர்களுக்கு இல்லை என்பதால், அருங்காட்சியகத்தில் தேடினால் உங்கள் ஆளின் பெயர் கிடைத்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லி ஆசை காட்ட வேண்டாம். ஆனால் ஆய்வு மையத்தில் இருப்பவர்கள் குடும்பங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு பிரதி எடுத்து அங்கே கொடுங்கள். தமிழில் எழுதிய தாளை அம்மா கையிலேயே வைத்திருக்கட்டும். நடுகல்லின் முன்னால் நிற்கும்போது அவர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்க விரும்பினால் படிக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி கேளுங்கள். கோயிலில் கேட்டால் கொடுப்பார்கள். அன்று வேறு எந்த இடத்துக்கும் அவசரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.